கப்பல் தாத்தாவின் பாட்டு

முதலமைச்சர் அமெரிக்காவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே ஓட்டு வாங்கி ஜெயித்தாரே, அந்த மார்கழி. அதற்கு முந்தின ஐப்பசியில்தான் டெல்லியில் பிரதமர் அம்மையாரைச் சுட்டுவிட்டார்கள். நம் ஊரில் எல்லாக் கடையையும் அடைத்துவிட்டதால் கல்லறைத் திருநாளுக்கு ஒரு மெழுகுவர்த்தி கிடைக்கவில்லை. உன் அம்மா வீட்டில் கிடந்த துண்டு மெழுகுகளை உருக்கித் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி, திரி போட்டு நம் முன்னோர் கல்லறைக்குக் கொண்டுபோனாள். எனக்கு வருடத்தை எண்ணால் சொல்லத் தெரியாது, இப்படித்தான் தெரியும். அந்த மார்கழியில்தான், ஜெரோம், உன் அக்கா ரெஜினா இறந்தாள். அவள் இறந்தது உனக்குத் தெரியும். மாதா படத்துக்குக் கீழே அவள் படம் தொங்குகிறது, வருடம் தவறாமல் பூசை வைக்கிறோம், சின்ன வயதில் நீயும் அந்தப் பூசைக்கு முன் வரிசையில் முழங்காலில் இருந்திருக்கிறாய். ஆனால் அந்தச் சாவில் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. போன வாரம் நீ போனில் சிரித்துக்கொண்டிருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டுவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு எழுத்து வராது. மாடியில் குடியிருக்கும் நாசரேத் டீச்சரம்மாதான் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். நான் பேசுகிறபடியே எழுதினால் உன் கப்பலில் யாராவது பார்த்துச் சிரிப்பார்கள் என்று, அவர் தன் பள்ளிக்கூடத் தமிழில் மாற்றிப் போட்டுக்கொள்கிறார். வாசித்துக் காட்டும்போது யாரோ படித்த மனிதர் உனக்கு எழுதுவதுபோல எனக்கே கூச்சமாக இருக்கிறது. “அண்ணாச்சி, ஒரே மூச்சுல கொட்டாதிய. என் கை என்ன மோட்டாரா?” என்று இப்போதே ஒரு தடவை கோபப்பட்டுவிட்டார். “அதையும் எழுதுங்க டீச்சர்” என்றேன். எழுதியிருப்பார் என்று நம்புகிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாராம். நீ இதை வேலைக்கு நடுவில் நின்றுகொண்டு படிக்காதே. உன் அறைக் கதவைச் சாத்திவிட்டு, உட்கார்ந்து படி.

நீ அனுப்பிய பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. போன விடுப்பில் நீ அலமாரியைத் திறந்து அந்தப் பழைய இசைத்தட்டை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாய். அதற்கு உறை கிடையாது, நடுவில் ஒட்டியிருந்த தாளும் உப்புத் தண்ணீர் பட்டுப் பாதி அழிந்துபோயிற்று. தாளை ஒட்டி வழவழப்பாக இருக்கும் இடத்தில் ஊசியால் கீறினாற்போல ஏதோ எண்கள் இருக்கின்றன என்று டார்ச் அடித்துக் குறித்துக்கொண்டாய். எதற்கென்று நான் கேட்கவில்லை. அந்த எண்களை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டாய். ஒரு காலத்தில் உலகமெங்கும் கொண்டாடிய பாட்டாம். பழைய தட்டுகளில் நல்லவற்றையெல்லாம் கம்பெனிக்காரர்கள் இப்போது மறுபடி புதிதாக அச்சடித்து, அதே பழைய அட்டைப்படத்தோடு விற்கிறார்களாம். அந்த ஆள் பாடியது மொத்தம் ஐந்து தட்டாம், நீ ஐந்தையும் வாங்கி, போட்டுக் கேட்க ஒரு புதுப் பெட்டியையும் சேர்த்து அனுப்பிவிட்டாய். “அப்பா, நான் சின்னப் பிள்ளைல இருந்து அலமாரில பாத்துக்கிட்டே கெடந்த தட்டு, ஒரு நாளு கூடக் கேட்டதில்ல. கல்யாணத்தன்னைக்கு ஹால்ல போட்டு லூசியும் நானும் ஆடப்போறோம். மொதப் பக்கத்துல மூணாவது பாட்டு, அதுதான் அவளுக்கு உசிரு. பொறவு உங்களையும் அம்மையையும் இழுத்து விட்டுருவோம். அம்மைட்ட மூச்சு விட்டுறாதிய, கேட்டியளா?” என்றாய். நம் வீட்டில் கல்யாணத்துக்கு யாரும் ஆடினதில்லை. உன் லூசி கோவாக்காரி, அவர்கள் வழக்கம் அது, ஆடட்டும். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. நீ மூன்றாவது பாட்டு என்றாயே, அதனால்தான் அன்று போனைச் சீக்கிரம் வைத்துவிட்டேன்.

அந்தத் தட்டு எப்படி நம் வீட்டுக்கு வந்தது என்று நீ பல தடவை கேட்டிருக்கிறாய், நான் ‘கப்பல்காரன் கொடுத்தது’ என்று முடித்துவிடுவேன். நான் வெளிநாட்டுக்குச் சரக்கேற்றிப் போகும் பாய்த்தோணியில் ஏறுவதற்கு முந்தி, புதுத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறியும் குடிதண்ணீரும் கொண்டுபோகும் படகில் இருந்தேன். அமெரிக்காவிலிருந்து கோதுமை கொண்டுவந்த கப்பல் ஒன்று இறக்கி முடிக்க நாளாகி நின்றது. அதில் சமையல்காரர் ஒருவர், கறுத்து வாட்டசாட்டமாக இருப்பார், நம் தெருவில் கொண்டுவந்து விட்டால் யார் வீட்டு மச்சான் என்று கேட்பார்கள். நான் சாப்பிடக் கொண்டுபோயிருந்த எலுமிச்சை ஊறுகாயில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டவர், கண்ணில் தண்ணீர் வர வர அந்தக் கிண்ணத்தையே காலி பண்ணிவிட்டார். உன் அம்மா போட்ட ஊறுகாய். மறுநாள் அவருக்கென்று ஒரு ஜாடி கொண்டுபோனேன், இழைத்து மெருகேற்றிய சங்கு ஒன்றும் கொடுத்தேன். கப்பல் புறப்படுகிற அன்று தன் அறையிலிருந்து பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து படகில் இறக்கிவிட்டார். மேலே ஒரே ஒரு தட்டு, உறையில்லாமல். கரைக்கு வருவதற்குள் அலையடித்து நனைந்துவிட்டது. நம் ஊரில் அப்படியே மாட்டினால் புகைந்துபோகும் என்று, பஜாரில் கரண்ட் வேலை செய்கிறவர் ஒரு கனத்த இரும்புப் பெட்டியை இடையில் வைத்துக் கொடுத்தார். தட்டு சுற்றியது, பாட்டு வந்தது. அதற்கு மேல் யாருக்கு என்ன தெரியும்?

அந்தக் குரலை நீ கேட்டிருக்க வேண்டும். தடித்த, கனத்த குரல். வயதான ஓர் ஆண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாடுவதுபோல இருக்கும். மேளம் ஒவ்வோர் அடியாகக் கால் இழுத்து இழுத்து நடக்கும். மூன்றாவது பாட்டில் ஓர் இடம் உண்டு, மேளமெல்லாம் நின்றுவிடும், குரல் மட்டும் தனியாக மேலே ஏறிப் போய், பிடிமானம் இல்லாமல் மெல்லக் கீழே வரும். அந்த இடத்தில் கேட்டுக்கொண்டிருப்பவன் எச்சிலை விழுங்கிவிடுவான். பக்கத்து வீட்டுச் சூசை, என் கூட்டாளி, முதல் நாள் கேட்டுவிட்டு, “மச்சான், இது எழவுப் பாட்டுல்லா. அந்த ஊர்க் கோயில்ல செத்தவனுக்குப் பாடுறது. சந்தேகமே இல்ல” என்றான். அவன் அப்பா இறந்தபோது ஒலிபெருக்கிக்காரர் வர நேரமாகிவிட, சூசையே வந்து நம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பந்தலில் வைத்தான். மூன்றாவது பாட்டில் அந்த இடம் வந்ததும், அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த சூசையின் அம்மா வாய்விட்டு அழுதார். அதிலிருந்து நம் தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் பெட்டி போகும். ‘கப்பல் ஒப்பாரி’ என்று பேர் வைத்துவிட்டார்கள். இங்கே டீச்சரம்மா, “ஒப்பாரின்னே எழுதவா, இரங்கல் பாட்டுன்னு எழுதவா?” என்கிறார். ஒப்பாரி என்றே எழுதட்டும். பங்குச் சாமியாருக்கு இங்கிலீஷ் தெரியும், அவரே ஒரு சாவு வீட்டில் காதைக் குவித்து வைத்துக் கேட்டுவிட்டு, “ஆண்டவரைத்தான் கூப்பிடுறான் போல, ஒண்ணும் வெளங்கல, போடுங்க” என்று சொல்லிவிட்டார். ஊசி தேய்ந்து கரகரத்த பெட்டியில் அவருக்குத்தான் என்ன விளங்கும்?

அந்தப் பாட்டைக் கேட்டு நம் தெருவில் சிரித்த ஒரே ஆள் உன் அக்கா. பாடுகிறவருக்கு அவள் வைத்த பேர் ‘கப்பல் தாத்தா’. தோணித் துறைக்குப் பின்னால் இறால் உரிக்கிற கொட்டகைக்கு வேலைக்குப் போவாள், வந்ததும் கையைக் கழுவிவிட்டு முதல் வேலையாகப் பெட்டியைத் திறப்பாள். தெருக்குழாயிலிருந்து இடுப்பில் குடத்தோடு வரும்போது, வீட்டுக்குள் தாத்தா பாடினால், அந்த மேளத்துக்குச் சரியாக ஓர் அடி, நிறுத்தி இன்னோர் அடி என்று பெரிய மனுஷி மாதிரி நடந்து வருவாள். குழாயடியில் நிற்கிற பெண்களெல்லாம் தண்ணீரைச் சிந்திவிடுவார்கள்.

“ஏளா, எழவு வீட்டுப் பாட்டுக்கா இடுப்ப ஆட்டுத? கர்த்தரு கண்ண மூடிக்கிட்டா இருக்காரு?” என்று உன் அம்மா கத்துவாள்.

“அம்மா, தாத்தா அழல. சோத்துக்குக் கெஞ்சுதாரு. நீயே நல்லா கேளு, ‘இன்னும் ஒரு அகப்பை போடு தாயி, இன்னும் ஒரு அகப்பை’ங்காரு.”

உன் அம்மாவும் கேட்டுப் பார்ப்பாள். அப்புறம் அவளுக்கும் அப்படியே கேட்டுவிடும், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். மறுநாள் சாவு வீட்டில் அந்த இடம் வரும்போது இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அழுகிறார்கள் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். உன் அம்மா அப்படிச் சிரிக்கக்கூடியவள் என்பதே உனக்குத் தெரியாது, ஜெரோம். நீ பார்த்தது வேறு அம்மா. நீ பிறந்தபோது அவளுக்கு நாற்பது வயது, இந்த வயதில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு பூசைக்கு எப்படிப் போவது என்று வெட்கப்பட்டாள். உன்னைக் கீழே இறக்கிவிட மாட்டாள். தும்மினால்கூட நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். நீ அதற்கெல்லாம் எரிந்து விழுவாய். இப்போது சொல்கிறேன், காய்ச்சலைக் கண்டு பயந்தவள் அவள்.

அந்த மார்கழியில் நான் மாலத்தீவுக்குப் போன தோணியில் இருந்தேன். வெங்காயமும் செங்கலும் ஏற்றியிருந்தோம். காற்று நன்றாக இருந்ததால் பாய் விரித்த வாக்கில் போய்ச் சேர்ந்தோம், இறக்குவதற்குத்தான் நாளாயிற்று. இங்கே ரெஜினாவுக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது. மூளைக் காய்ச்சல் என்று பிறகு சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் செய்யக்கூடியதெல்லாம் செய்தார்கள், யாரையும் குறை சொல்வதற்கில்லை. எனக்கு எப்படிச் சொல்லி அனுப்புவது? நடுக்கடலில் இருப்பவனுக்கு எந்தத் தபால்காரர் வருவார்? நான் வரும்வரை போட்டு வைக்க முடியாது. என் பிள்ளையை அடக்கம் பண்ணுகிற நேரத்தில் நான் மாலத்தீவில், ஒரு புளியமரம் இல்லாத ஊர் என்று கேலி பேசிக்கொண்டு, கருவாட்டுக் குழம்புக்குப் புளி இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்கு நினைவிருக்கிறது. அன்று என்ன குழம்பு என்பது நினைவிருக்கிறது.

திரும்பி வந்து துறையில் கால் வைத்தபோது சூசை தலைத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். அவன் வெயிலில் ஒரு நாளும் துண்டை இறக்க மாட்டான். யாருக்கென்று மட்டும்தான் எனக்குத் தெரியவில்லை. அவன்தான் எல்லாம் சொன்னான், மீதியை ஊர் சொன்னது. அவள் ஆசைப்பட்ட பாட்டு என்று பெட்டியைக் கூடத்திலேயே வைத்துப் போட்டிருக்கிறார்கள். பேண்டு வாசிக்கிற ரொசாரி அண்ணன் தன் ஆட்களை நிறுத்திவிட்டு, அது முடியட்டும் என்று வாசலில் காத்திருந்திருக்கிறார். மூன்றாவது பாட்டு பாதியில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. தட்டு உடனே நிற்கவில்லை. குரல் தடித்து, இன்னும் தடித்து, இறங்கி இறங்கி, மாடு உறுமுவதுபோல ஆகி நின்றதாம். உன் அம்மா அப்போதுதான் வாய் திறந்திருக்கிறாள். “பாத்தியளா, தாத்தாவுக்கும் மூச்சு நின்னுட்டு” என்றாளாம். வேறு ஒரு சொல் பேசவில்லை. சாமியார் வந்து செபம் சொல்லி, தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவளால் எழுந்து நிற்க முடியாததால் கல்லறைக்குப் போகவில்லை, அவள் தங்கை மதலேன் பக்கத்தில் இருந்திருக்கிறாள். ஆட்களெல்லாம் தெருமுனை தாண்டியபிறகு கரண்ட் வந்துவிட்டது. பெட்டியை நிறுத்த யாருக்கும் நினைவில்லை. ஊசி விட்ட இடத்திலேயே இருந்தது. தட்டு தானாக அசைந்து, முனகி, வேகம் பிடித்து, தாத்தா விட்ட இடத்திலிருந்து பாடத் தொடங்கினார். மதலேன் பயந்து எழுந்து நிறுத்தப் போயிருக்கிறாள். உன் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பாட்டு முடிகிறவரை கேட்டுவிட்டு, தானே எழுந்து போய்த் தட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, பெட்டியின் மூடியை மூடி, ரெஜினாவின் தாவணி ஒன்றைப் போட்டு மூடினாள். அந்தத் தாவணி இன்னும் அதன் மேலேதான் கிடக்கிறது. அதைத்தான் நீ சின்ன வயதில் விலக்கினாய் என்று அடி வாங்கினாய். அதற்குப் பிறகு தெருவில் யாரும் வந்து பெட்டியைக் கேட்கவில்லை.

இதெல்லாம் நான் கேள்விப்பட்டது, மகனே. கடலில் இருப்பவனுக்கு வீட்டில் நடந்தது எல்லாமே யாராவது சொல்லித்தான் தெரியும். நீயும் அதே கடலில் இருக்கிறாய், உனக்குப் போன் இருக்கிறது, முகத்தைப் பார்த்துப் பேசுகிறாய், ஆனாலும் லூசிக்குத் தலைவலி என்றால் உனக்கு அவள் சொன்னால்தான் தெரியும். அதனால் அவள் சொல்லும்போது குறுக்கே பேசாதே, அவசரமாகத் தீர்த்து வைக்கவும் பார்க்காதே. நான் ஊர் திரும்பியபிறகு உன் அம்மாவை, நீ பிறக்கும்வரை மூன்று வருடம், எத்தனையோ விதமாகச் சமாதானப்படுத்தியிருக்கிறேன். அந்தப் பாட்டு முடிகிறவரை என்ன நினைத்துக்கொண்டு இருந்தாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. இப்போது கேட்க எனக்கு வாய் வருவதில்லை. சிலதைக் கேட்காமலே இவ்வளவு காலம் குடும்பம் நடத்திவிட்டோம்.

போன வியாழக்கிழமை உன் அம்மா நவநாள் செபத்துக்குக் கோயிலுக்குப் போனதும் டீச்சரம்மாவைக் கீழே கூப்பிட்டேன். அவர் பெட்டியைப் பிரித்தார். அட்டையில் இருந்த படத்தைப் பார்த்ததுமே நான், “டீச்சர், தப்பு வந்துட்டு, இது வேற ஆளு” என்றேன். இருபது இருபத்தொரு வயதுப் பெண், கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, எதிரில் யாரோ வேடிக்கை காட்டியதுபோலப் பல் தெரியச் சிரிக்கிறாள். டீச்சரம்மா நீ எழுதி அனுப்பியிருந்ததைப் பார்த்து எண்ணைச் சரிபார்த்தார். அதே எண்தான் என்றார். போட்டார். தெளிவு என்றால் அப்படி ஒரு தெளிவு, கீறல் இல்லை, இரைச்சல் இல்லை, பாடுகிறவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. ஆனால் ஒரு பெண் பாடுகிறாள். மேளம் துள்ளிக்கொண்டு ஓடுகிறது. முதல் பாட்டு எனக்குத் தெரியாத பாட்டு, இரண்டாவதும் தெரியாத பாட்டு. மூன்றாவதில் மேளமெல்லாம் நின்று குரல் தனியாக மேலே போயிற்று. ஜெரோம், அங்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த உச்சியிலிருந்து அவள் இறங்கி வரவே இல்லை, குதித்துவிட்டாள், சிரித்துக்கொண்டே, மேளத்துக்கு நடுவில்.

“என்ன சொல்லுதா டீச்சர்?” என்று கேட்டேன்.

டீச்சரம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். “நாளைக்கு லீவாம் அண்ணாச்சி. நீ புது ஷூவ மாட்டிக்கிட்டு வந்து எங்க வீட்டு வாசல்ல நில்லு, விடியுற மட்டும் ஆடலாம்னு ஒரு பையனக் கூப்பிடுதா. எங்கம்மை திட்டுனா திட்டட்டுங்கா. வேற ஒண்ணும் இல்ல. கொமரிப் பிள்ளைக பாட்டு.”

அப்போதுதான் உனக்குப் போன் போடச் சொன்னேன். தட்டு மாறி வந்துவிட்டது, நம் தட்டில் பாடுவது வயதான ஆண் என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். “அதே ஆளுதாம்ப்பா! அந்தப் பழைய பெட்டி அமெரிக்காக்காரன் ஊர்க் கரண்டுக்கு அளந்து செஞ்சது. பஜார்காரர் வச்ச இரும்புப் பெட்டி புகையாமத்தான் காப்பாத்தும், வேகத்தை மாத்தாது. நம்ம கரண்டுல மோட்டார் ஆறு சுத்து சுத்த வேண்டிய நேரத்துல அஞ்சுதான் சுத்தும். பாட்டு இழுவையாயிரும், குரலு தடிச்சிரும். இத்தன காலமும் ஒரு கொமரியக் கெழவனாக்கி வச்சிருந்தியளேப்பா!” என்றாய். நீ கப்பலில் கரண்ட் வேலை பார்க்கிறவன், உனக்கு அது வேடிக்கை. நீ சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் போனை டீச்சரம்மா கையில் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டேன். அங்கே ரெஜினா குடம் வைக்கிற மேடை இருக்கிறது. நாங்கள் என் பிள்ளையை அந்தப் பாட்டோடு அனுப்பியிருக்கிறோம். ஒரு தெருவே உட்கார்ந்து அழுது, மார்பில் அடித்து, ‘நாளைக்கு லீவு, ஆட வா’ என்று கூப்பிடுகிற பாட்டோடு அவளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது.

உள்ளே டீச்சரம்மா மறுபடியும் அதே பாட்டைப் போட்டுவிட்டார். நான் நிறுத்தச் சொல்ல வருவதற்குள் உன் அம்மா வாசலில் நிற்கிறாள். நவநாள் சீக்கிரம் முடிந்துவிட்டது. பாட்டில் அந்த உச்சி தாண்டிப்போயிருந்தது, கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருந்தது.

“என்ன டீச்சர், எங்க வீட்டுல கச்சேரி நடக்கு?”

“என் தங்கச்சி மகன் அனுப்புனது அக்கா, சும்மா போட்டுப் பாத்தோம்.” டீச்சரம்மா எனக்காக முதல் பொய் சொன்னார். இதை எழுதும்போது முகத்தைச் சுளிக்கிறார்.

உன் அம்மா செருப்பைக் கழற்றாமல் நின்று கேட்டாள். குடை நுனியால் தரையில் தட்டினாள், மேளத்துக்குச் சரியாகத் தட்டினாள். “நல்லாப் பாடுதாளே. சின்னப் பிள்ள போலுக்கு. நம்ம பையன் கல்யாணத்துக்கு இப்படி ஒண்ணு போடச் சொல்லணும். இல்லன்னா காதக் கிழிக்கிற டிரம்ம கொண்டாந்து வைப்பான்.” பிறகு என்னைப் பார்த்தாள். “நீங்க ஏன் பேயறஞ்ச கணக்கா நிக்கிய? மாத்திர போட்டியளா இல்லியா?”

அவளுக்குத் தெரியவில்லை, ஜெரோம். அவளுக்குத் தாத்தாவைத்தான் தெரியும். இந்தப் பெண் அவளுக்குப் புது ஆள். நீ ஹாலில் இதைப் போட்டால் அவள் முன்னால் வந்து நிற்பாள், நீ கையைப் பிடித்து இழுத்தால் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு அடி வைத்தாலும் வைப்பாள். நானும் டீச்சரம்மாவும் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. டீச்சரம்மா அப்படித்தான் செய்யச் சொல்கிறார். “எம்பது வயசாகப் போவுது அக்காவுக்கு. ஒரு நாளு சந்தோசமா ஆடிட்டுப் போட்டுமே. சொல்லி என்ன ஆவப் போவுது?” என்கிறார். நான் நாலு நாளாக அதை நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை. அவள் கை தட்டிச் சிரிக்கும்போது, அது எந்தப் பாட்டு என்று தெரிந்து நான் பக்கத்தில் நிற்க வேண்டும். அவள் பிள்ளையை வழியனுப்பிய பாட்டுக்கு அவளைத் தெரியாமல் ஆடவிட்டு, நீயும் நானும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வேண்டாம். பாட்டைப் போடாமல் ஒளித்து வைப்பதும் சரியில்லை. அது ரெஜினாவுக்குப் பிடித்த பாட்டு என்பது பொய்யாகிவிடவில்லையே. எனக்கு என்னதான் வேண்டும் என்று டீச்சரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். ரெஜினா அதைச் சரியான வேகத்தில் ஒரு தடவை கேட்டிருக்க வேண்டும் என்றேன். அவர் பேனாவை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அதனால் நீ ஒன்று செய். கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்து இறங்காமல், பத்து நாளாவது முந்தி வா. லூசியையும் கூட்டிக்கொண்டு வா, இந்த வீட்டுக்கு வருகிறவளுக்கு இது தெரியாமல் இருக்க வேண்டாம். இரண்டு பேரும் அம்மா பக்கத்தில் உட்காருங்கள். மோட்டார் கதையை நீ போனில் எனக்குச் சொன்னது மாதிரியே அவளுக்கும் சொல், ஆனால் சிரிக்காதே. அவள் சிரித்தால் நீயும் சிரி. அப்புறம் அந்தப் பாட்டைப் போடவா வேண்டாமா என்று அவளிடம் கேள். போடு என்றால் போடுவோம். கடலில் எறி என்றால் நானே தோணித் துறைக்குக் கொண்டுபோய் ஐந்தையும் எறிந்துவிட்டு வருகிறேன், நீ மனம் கோணக் கூடாது. என்னைக் கேட்காதே. எனக்கு அதில் வாக்கு இல்லை, நான் அன்று அங்கே இல்லாதவன். அன்று நம் வீட்டில் இருந்தவர்களில் ரொசாரி அண்ணன் மறு வருடமே போய்விட்டார். சாமியார் வேறு பங்குக்கு மாறிப்போய் அங்கேயே அடக்கமானார். மதலேன் தருவைகுளத்தில் மகள் வீட்டில் கண்ணை மூடினாள். பெட்டியைத் தூக்கிவந்து வைத்த சூசையைப் போன தவக்காலத்தில் நானே தோள் கொடுத்துத் தூக்கினேன். அந்தப் பாட்டைக் கடைசிவரை உட்கார்ந்து கேட்டவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஒருத்திதான். கித்தேரி. உன் அம்மா.